வழக்கு உள்ளவருக்கு வேலை: பட்டறையா, கம்பெனியா, சொந்தக் கடையா?

"பையன் ஜாமீன்ல வந்து நாலு மாசம் ஆச்சு. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனிக்கு அனுப்பலாமா, இல்ல தெரிஞ்சவங்க பட்டறையிலயே விட்டுடலாமா?" சென்னையில் எங்கள் வியாசர்பாடியில் இந்தக் கேள்வியோடு யாராவது ஒரு அம்மா என்னைத் தேடி வராத மாதம் இல்லை. நான் வக்கீல் இல்லை. என் அத்தை மகன் ஓர் அடிதடி வழக்கிலும், அதையொட்டிப் போட்ட குண்டர் சட்டத்திலுமாகச் சேர்த்துப் பத்து மாதம் புழல் சிறையில் இருந்தான். அவன் வெளியே வந்த பிறகு அவனுக்கு வேலை தேடி இருவரும் அலைந்ததில் கற்றது கொஞ்சம். அதன் பிறகு மற்றவர்களுக்காகப் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டது கொஞ்சம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வழக்கு இருப்பதால் போன வேலைகளை விட, வழக்கை மறைத்ததால் போன வேலைகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அதனால் எந்த வழியை எடைபோட்டாலும் "இங்கே பொய் சொல்லாமல் இருக்க முடியுமா?" என்பதுதான் என் முதல் கேள்வி.

## வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது?

வேலையைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பல குடும்பங்களுக்கு இதுவே தெளிவாகத் தெரிவதில்லை. "கேஸ் முடிஞ்சிடுச்சு" என்பார்கள். எப்படி முடிந்தது என்று கேட்டால் பதில் இருக்காது.

எஃப்.ஐ.ஆர். போட்டதாலேயே ஒருவர் தண்டனை பெற்றவர் ஆகிவிட மாட்டார். குற்றப்பத்திரிகை தாக்கலாகி விசாரணை நடந்தாலும், தீர்ப்பு வரும்வரை அவர் குற்றம் சாட்டப்பட்டவர் மட்டுமே. 2022-ஆம் ஆண்டுக்கான தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது, நான்கில் மூன்று பேருக்குத் தண்டனையே ஆகவில்லை. குண்டர் சட்டத்தில் உள்ளே வைப்பது தடுப்புக் காவல். அதுவும் தண்டனைக் கணக்கில் சேராது.

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. பொது இடத்தில் தகராறு, சீட்டாட்டம், குடித்துவிட்டு வண்டி ஓட்டியது போன்ற வழக்குகளில் "ஃபைன் கட்டிட்டு வந்துட்டேன், அதெல்லாம் ஒண்ணும் இல்ல" என்பார்கள். நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால் அது தண்டனைதான். முந்நூறு ரூபாய் அபராதமாக இருந்தாலும் "தண்டிக்கப்பட்டவரா?" என்ற கேள்விக்கு "ஆம்" என்றுதான் எழுத வேண்டும். இதைத் தெரியாமலேயே "இல்லை" என்று எழுதிப் பின்னால் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

வயது வந்தவர்களின் பழைய பதிவை இத்தனை வருடம் கழித்து அழித்துவிட வேண்டும் என்று சொல்லும் பொதுவான சட்டம் நம் நாட்டில் இல்லை. குற்றம் நடந்தபோது பதினெட்டு வயது ஆகாதவர்களுக்கு மட்டும் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு பாதுகாப்புத் தருகிறது. அந்தத் தீர்ப்பை வைத்து அவர்களைத் தகுதியற்றவர் ஆக்கக் கூடாது. பதினாறு வயதைத் தாண்டி, கொடிய குற்றத்துக்காக வயது வந்தவரைப் போல விசாரிக்கப்பட்டவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.

குற்றமில்லை என்று விடுதலையான வழக்குகூடத் தானாக மறைந்துவிடாது. இணையத்தில் பெயரைத் தட்டினால் தீர்ப்பு வந்து நிற்கும். விடுதலையான ஒருவரின் பெயரைத் தீர்ப்பிலிருந்து மறைக்கும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2024-ல் உத்தரவிட்டது. அதே ஆண்டு உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது. அதனால் பெயர் மறைந்துவிடும் என்று நம்பித் திட்டம் போட வேண்டாம்.

## எதை வைத்து எடைபோடுவது?

நான் நான்கு விஷயங்களைப் பார்க்கிறேன். வழக்கைப் பற்றிய கேள்வி எப்போது, யாரிடமிருந்து வரும்? வாய்தாவுக்கும் காவல் நிலையக் கையெழுத்துக்கும் அந்த வேலையில் இடம் கிடைக்குமா? மாதக் கடைசியில் கையில் என்ன நிற்கும், பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. உண்டா? ஏதாவது தவறு நடந்தால் முதல் பழி யார் மேல் விழும்? சம்பளத்தை மட்டும் பார்த்துப் போனவர்கள் பெரும்பாலும் இரண்டாவது கேள்வியில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

| வழி | கேள்வி எப்போது வரும் | வாய்தாவுக்கு இடம் | மறைந்திருக்கும் செலவு | யாருக்கு ஏற்றது |
|---|---|---|---|---|
| தெரிந்தவர் பட்டறை, கடை | முதல் நாளே, நேருக்கு நேர் | உண்டு | குறைந்த கூலி, முன்பணச் சிக்கல் | ஜாமீனில் இருப்பவர், முதல் ஒரு வருடம் |
| கம்பெனி வேலை | சேரும்போது, அல்லது நிரந்தரம் ஆகும்போது | குறைவு | இடையில் வேலை போகும் பயம் | வழக்கு முடிந்து காகிதம் கையில் உள்ளவர் |
| சொந்தத் தொழில் | முதலாளி கேட்க மாட்டார், காவல் துறை கேட்கும் | நிறைய | வட்டி, பழைய சகவாசம் | கைத்தொழில் உள்ளவர், குடும்பத் துணை உள்ளவர் |
| அரசு வேலை | விண்ணப்பத்திலேயே, எழுத்தில் | பொருந்தாது | வருடக்கணக்கில் காத்திருப்பு | விடுதலையானவர், சிறு வழக்கு உள்ளவர் |

## தெரிந்தவர் பட்டறை

ஜாமீன் உத்தரவில் "தினமும் காலை பத்தரை மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்திட வேண்டும்" என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரி ஒருவனைப் பெரும்பாலான ஷிப்ட் வேலைகளிலிருந்து தள்ளிவிடும். காலை ஆறு மணி ஷிப்டுக்குப் போனால் பத்தரைக்கு வெளியே வர முடியாது. பொது ஷிப்டில் சேர்ந்தால் தினமும் மதியம்தான் உள்ளே நுழைய முடியும். கையெழுத்தைத் தவறவிட்டால் ஜாமீனே போய்விடலாம்.

என் அத்தை மகனை அம்பத்தூரில் ஒரு லேத் பட்டறைக்கு அழைத்துப் போனேன். பட்டறைக்காரர் எங்கள் மாமாவுக்குத் தெரிந்தவர். உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னோம். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "கோர்ட்டு தேதி மட்டும் முன்னாடியே சொல்லிடு தம்பி. திடீர்னு லீவு போடாத. கையெழுத்துப் போட்டுட்டுப் பதினொண்ணரைக்கு வா, ராத்திரி ஒரு மணி நேரம் சேர்த்து நில்லு" என்றார். ஒரு மனிதன் எழுந்து நடக்க அந்த நாலு வரி போதும் என்று அன்றைக்குப் பார்த்தேன். வேறு எந்த வழியிலும் கிடைக்காத வசதி இது: கேள்வி முதல் நாளே வந்து, முதல் நாளே முடிந்துவிடுகிறது.

எல்லோரும் அப்படி இருப்பதில்லை. "உன் நிலைமைக்கு இதுவே பெருசு" என்று சொல்லிப் பாதிக் கூலி கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். குறைந்தபட்சக் கூலி பற்றிய சட்டம் வழக்கு உள்ளவர்களுக்கு என்று தனிக் கூலி எதையும் வைக்கவில்லை. பக்கத்து மெஷினில் அதே வேலை பார்ப்பவருக்கு என்ன கூலி என்று விசாரித்துவிட்டுச் சேருங்கள். முன்பணம் இன்னொரு சிக்கல். வக்கீல் செலவுக்கு என்று முப்பதாயிரம் கொடுத்து, "கடன் முடியும்வரை வேறு எங்கேயும் போகக் கூடாது" என்று கட்டிப்போட்டால் அது கொத்தடிமை முறை. 1976-லேயே சட்டம் போட்டு ஒழித்தது அது. இதை நம் ஊரில் யாரும் அந்தப் பெயரால் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

பழி விழுவதையும் யோசிக்க வேண்டும். கல்லாவில் ஐந்நூறு ரூபாய் குறைந்தால் எல்லாக் கண்ணும் ஒருவன் மேல்தான் திரும்பும். அதனால் சேர்ந்த புதிதில் பணம், சாவி, ஸ்டோர் ரூம் இந்த மூன்றும் தன் கைக்கு வராத வேலையைக் கேட்டு வாங்குவது நல்லது. இது அவமானம் இல்லை. அவனைக் காப்பாற்றும் வேலி.

## கம்பெனி வேலை

பணம், ஈ.எஸ்.ஐ., பி.எஃப். எல்லாம் இங்கேதான். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்களுக்கு ஈ.எஸ்.ஐ. உண்டு. அப்பா அம்மாவுக்கு மருத்துவம் பார்க்க வேண்டிய வீட்டில் அந்த அட்டையின் மதிப்பு பெரிது. அதனால் எல்லோரும் இதைத்தான் முதலில் பார்க்கிறார்கள்.

பட்டறையில் ஒரு வருடம் இருந்த பிறகு என் அத்தை மகனும் அப்படித்தான் போனான். கான்ட்ராக்ட் வழியாகச் சேர்ந்தான். ஆதார், வங்கிப் புத்தகம், இரண்டு போட்டோ கேட்டார்கள், உள்ளே விட்டார்கள். ஏழு மாதம் ஒரு குறையும் இல்லை. பிறகு, நன்றாக வேலை செய்கிறான் என்று கம்பெனி நேரடியாக எடுப்பதாகச் சொல்லி ஒரு படிவத்தைக் கொடுத்தார்கள். "வழக்கு எதுவும் நிலுவையில் உள்ளதா?" என்ற இடத்தில் "இல்லை" என்று டிக் அடித்துவிட்டான். வெரிஃபிகேஷன் அறிக்கை வந்த அன்று கேட் பாஸை வாங்கிக்கொண்டார்கள். ஹெச்.ஆர். அம்மா சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: "கேஸ் இருக்குன்னு எழுதியிருந்தா மேல பேசிப் பார்த்திருப்பேன். பொய்யா எழுதின ஃபார்மை வச்சுக்கிட்டு நான் என்ன பேசறது?" அந்த வழக்கில் அவன் பிறகு விடுதலையானான். போன வேலை திரும்பி வரவில்லை.

கான்ட்ராக்டில் கேட்கவில்லை என்பதால் எப்போதுமே கேட்க மாட்டார்கள் என்று ஆகாது. பதவி உயரும்போதும், நிரந்தரம் ஆகும்போதும், கம்பெனி கைமாறும்போதும் கேள்வி வரும். தமிழ்நாடு காவல் துறையின் இணையச் சேவை வழியாகவே நிறுவனங்கள் சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்கின்றன. தனியார் முகமைகள் நீதிமன்ற இணையதளங்களில் பெயரையும் அப்பா பெயரையும் போட்டுத் தேடுகின்றன. முருகன், தகப்பன் பெயர் மாரியப்பன் என்று ஒரே மாவட்டத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்! வேறொருவருடைய வழக்கு உங்கள் அறிக்கையில் ஏறி வரலாம். வேலை இல்லை என்று சொன்னால், எந்த வழக்கு எண்ணை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டு வாங்குங்கள். கேட்பதில் தவறே இல்லை.

படிவத்தை வார்த்தை வார்த்தையாகப் படிக்க வேண்டும். பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும், தெரிந்தவரை வைத்துப் படியுங்கள். "தண்டிக்கப்பட்டவரா?" என்று மட்டும் கேட்டால், வழக்கு நடந்துகொண்டிருப்பவர் "இல்லை" என்று எழுதுவது உண்மையான பதில்தான். "கைது செய்யப்பட்டிருக்கிறீர்களா, வழக்கு நிலுவையில் உள்ளதா?" என்று கேட்டால் "ஆம்" என்றுதான் எழுத வேண்டும். கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொல்லுங்கள். கேட்காததை அந்தப் படிவத்தில் அள்ளிக் கொட்ட வேண்டியதில்லை.

சில கதவுகளைத் தட்டி நேரத்தை வீணாக்க வேண்டாம். 2005-ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டப்படி, தண்டனை பெற்றவரை செக்யூரிட்டி வேலைக்கு வைக்க முகமைகளுக்கு அனுமதி இல்லை. ஆப் வழியாக ஓடும் டாக்ஸிகளுக்கு மத்திய அரசு 2020-ல் கொண்டுவந்த வழிகாட்டு நெறிமுறைகள், முந்தைய ஏழு ஆண்டுகளில் போதையில் வண்டி ஓட்டியதற்கோ, திருட்டு, வன்முறை, மோசடி போன்ற குற்றங்களுக்கோ தண்டனை பெற்றவரை ஓட்டுநராகச் சேர்க்கக் கூடாது என்றன. இரண்டுமே தண்டனை பெற்றவர்களைப் பற்றியவை என்பதைக் கவனியுங்கள்.

## சொந்தத் தொழில்

"யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டாம்" என்று இதற்கு ஆசைப்படுபவர்கள் அதிகம். அந்த ஆசை நியாயமானது. இஸ்திரி வண்டி, டிபன் கடை, டூவீலர் மெக்கானிக், பெயின்டிங் என்று நன்றாக நிற்பவர்களை எனக்குத் தெரியும். உள்ளே கற்ற தொழிலும் கைகொடுக்கும். திருச்சி மத்தியச் சிறையில் ஐ.டி.ஐ. இருக்கிறது, கோவையில் நெசவு, புழலில் பேக்கரி. வெளியே வரும்போது கற்றதற்கான சான்றிதழைச் சிறை நல அலுவலரிடம் கேட்டு வாங்கி வர வேண்டும்.

ஆனால் செலவுகளைச் சொல்லியாக வேண்டும். முதலாவது, முதலீடு. பலர் தண்டலில் இறங்கிவிடுகிறார்கள். பத்தாயிரம் என்று எழுதிக் கையில் எட்டாயிரத்து ஐந்நூறு தருவார்கள். தினமும் நூறு வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். மழை பெய்து கடை திறக்காத நாளும் தண்டல்காரர் வருவார். அதற்குப் பதிலாகத் தெருவோர வியாபாரிகளுக்கான பி.எம். ஸ்வநிதி கடனைக் கேட்டுப் பாருங்கள். 2020-ல் தொடங்கியபோது முதல் தவணை 10,000 ரூபாய், 2025-ல் அதை 15,000 ஆக்கினார்கள். அம்மாவோ மனைவியோ மகளிர் சுயஉதவிக் குழுவில் இருந்தால் அது இன்னும் பாதுகாப்பான வழி. சிறையிலிருந்து வெளியே வந்தவர்களுக்கு உதவ சிறைத் துறையை ஒட்டிய உதவிச் சங்கங்கள் உண்டு. நன்னடத்தை அலுவலர் அலுவலகத்தில் விசாரித்தால் எங்கே விண்ணப்பம் கொடுப்பது என்று சொல்வார்கள்.

இரண்டாவது செலவை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. சரித்திரப் பதிவேட்டில், அதாவது காவல் நிலையம் தொடர்ந்து கண்காணிப்பவர்களின் பட்டியலில், பெயர் இருந்தால், தேர்தலுக்கு முன்பும் தலைவர்கள் வரும்போதும் திருவிழாக் காலத்திலும் முன்னெச்சரிக்கை என்று அழைத்துப் போய்விடுவார்கள். வியாபாரம் சூடு பிடிக்கும் நாளில் கடை பூட்டிக் கிடக்கும். வீட்டில் இன்னொருவர் கடையைத் திறக்க முடியும் என்றால்தான் இந்தத் தொழிலில் இறங்கலாம் என்பேன்.

மூன்றாவது, பழைய கூட்டாளிகள். டீக்கடை போட்டால் அவர்கள் வந்து உட்காருவார்கள். துரத்தவும் முடியாது, உட்கார வைக்கவும் முடியாது. அவர்களில் ஒருவன் தேடப்படுபவனாக இருந்தால் போலீஸ் வந்து நிற்பது நம் கடை வாசலில்தான். அதனால் நாலு பேர் உட்காரும் கடையை விட, நாம் நகர்ந்துகொண்டே இருக்கும் தொழிலோ, வேறு பகுதியில் கடையோ நல்லது. எங்கள் தெருப் பையன் ஒருவன் வியாசர்பாடியில் போட்ட டிபன் கடையை ஆறே மாதத்தில் எடுத்துக்கொண்டு ஆவடிக்குப் போனான். அங்கேதான் அது பிழைத்தது.

## அரசு வேலை

இதைப் பற்றி இரண்டு தவறான எண்ணங்கள் உலவுகின்றன. எஃப்.ஐ.ஆர். இருந்தாலே அரசு வேலை கிடையாது என்பது ஒன்று. விடுதலையானால் எதுவும் கேட்க மாட்டார்கள் என்பது இன்னொன்று. இரண்டும் சரியில்லை.

2016-ல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு இதைத் தெளிவாக்கியது. விண்ணப்பத்தில் கேட்டதை உண்மையாகச் சொல்ல வேண்டும். இளம் வயதில் கோஷம் போட்டது போன்ற அற்பமான வழக்கை மறைத்திருந்தால்கூட அதிகாரி மன்னிக்கலாம். உண்மையைச் சொன்னவரையும் அவரது முன்நடத்தையைப் பார்த்து வேண்டாம் என்று சொல்லும் உரிமை அரசுக்கு உண்டு. ஆனால் யோசிக்காமல் எந்திரம் போல ஒதுக்கக் கூடாது. சீருடைப் பணிக்கு அளவுகோல் இன்னும் கடுமை. சந்தேகத்தின் பலனில் கிடைத்த விடுதலையை அங்கே முழு விடுதலையாக எடுத்துக்கொள்வதில்லை. அதனால், போலீஸ் தேர்வுக்கு என்றே மூன்று வருடம் உட்கார்ந்து படிக்கும் பையனிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் அவனுக்குச் செய்யும் நன்மை.

1958-ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டம் ஒன்று இருக்கிறது. முதல் முறை தவறு செய்தவரைச் சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தையின் பேரில் விடுவித்தால், அந்தத் தண்டனையால் வரும் தகுதியிழப்பு அவரைப் பாதிக்காது என்கிறது அதன் 12-ஆவது பிரிவு. வேலைக்கு எடுத்தே தீர வேண்டும் என்று அதற்குப் பொருள் இல்லை. இருந்தாலும், தீர்ப்புச் சொல்லும் நாளில் வக்கீல் இதைக் கேட்பதற்கும் கேட்காமல் விடுவதற்கும் ஒரு வாழ்க்கை அளவு வித்தியாசம் உண்டு. வக்கீல் வைக்கப் பணம் இல்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

## சிறை பெட்ரோல் பங்க்கும் வெளிநாடும்

"புழல் பங்க்ல சேர்த்துவிட முடியுமா?" என்று கேட்பவர்களுக்கு: சிறைத் துறை நடத்தும் பங்க்குகளும் சிறை அங்காடிகளும் உள்ளே தண்டனை அனுபவிப்பவர்களுக்கானவை. 2023-ல் புழலில் பெண் சிறைவாசிகள் நடத்தும் பங்க்கும் அப்படித்தான் தொடங்கியது. அங்கே வேலை பார்த்த அனுபவத்தை வெளியே வந்து சொல்லலாம். வெளியே வந்தவர் போய்ச் சேரும் இடமாக அதை நினைக்க வேண்டாம்.

வெளிநாடு என்றால், வழக்கு நிலுவையில் இருக்கும்வரை பாஸ்போர்ட்டை மறுக்கச் சட்டத்தில் இடம் உண்டு. வழக்கு நடக்கும் நீதிமன்றத்தில் அனுமதி வாங்கினால் கிடைக்கும். உத்தரவில் காலம் எதுவும் சொல்லவில்லை என்றால் ஒரு வருடத்துக்குத்தான் தருவார்கள். ஒழுக்கக்கேடான குற்றம் என்று சட்டம் சொல்லும் திருட்டு, மோசடி போன்றவற்றுக்காக இரண்டு வருடமோ அதற்கு மேலோ தண்டனை பெற்றவருக்கு, தண்டனை தேதியிலிருந்து ஐந்து வருடம் வரை மறுக்கலாம். "நான் பார்த்துக்கிறேன்" என்று லட்சக்கணக்கில் கேட்கும் ஏஜென்டிடம் பணம் கொடுத்துவிடாதீர்கள்.

## நான் யாரை எங்கே அனுப்புவேன்?

கையெழுத்து நிபந்தனை இருப்பவரையும் மாதம் இரண்டு வாய்தா உள்ளவரையும் கண்ணை மூடிக்கொண்டு பட்டறைக்குத்தான் அனுப்புவேன், கூலி குறைந்தாலும். நிபந்தனை தளர்ந்த பிறகு கம்பெனியைப் பார்க்கலாம். வழக்கு நிலுவையில் இருந்தாலும் உண்மையைச் சொல்லிக் கேட்டுப் பார்க்கட்டும், பத்தில் ஓர் இடம் எடுத்தாலும் அந்த இடம் நிலைக்கும். விடுதலையானவர் தயங்காமல் கம்பெனிக்குப் போகலாம். நீண்ட தண்டனை முடித்து நாற்பது வயதில் வருபவருக்குக் கைத்தொழில் இருந்தால் சொந்தத் தொழில், இல்லையென்றால் முதலில் ஒரு வருடம் யாரிடமாவது வேலை.

சொல்வது எப்படி என்று எல்லோரும் கேட்கிறார்கள். நீளமாகச் சொல்லத் தொடங்கினால் குரல் நடுங்கும், தேவையில்லாததெல்லாம் வந்துவிடும். நாங்கள் வீட்டில் உட்கார்ந்து மூன்று வரியாக எழுதிப் பழகினோம்: "என் மேல் 2019-ல் ஓர் அடிதடி வழக்கு, இன்ன கோர்ட்டில் நடக்கிறது. மாதம் ஒரு நாள் வாய்தா, தேதியை முன்கூட்டியே சொல்லிவிடுவேன். இதற்கு முன் லேத் பட்டறையில் ஒரு வருடம் வேலை பார்த்தேன், அவர் நம்பர் இது." மூன்றாவது வரிதான் கேட்பவரின் முகத்தை மாற்றும். அதனால்தான் கூலி குறைந்த அந்த முதல் பட்டறை அவ்வளவு முக்கியம்.

கையில் ஒரு ஃபைல் இருக்கட்டும். விடுதலையானவர் என்றால் தீர்ப்பின் சான்றிட்ட நகல், ஜெராக்ஸ் நான்கு. வழக்கு நடப்பவர் என்றால் ஜாமீன் உத்தரவும் அடுத்த வாய்தா தேதியும். தண்டனை முடித்தவர் என்றால் சிறையிலிருந்து தந்த விடுதலைச் சான்று, கற்ற தொழிலின் சான்றிதழ். தீர்ப்பின் நகலுக்கு இன்னும் விண்ணப்பம் போடவில்லை என்றால், வேலை தேடப் போவதற்கு முன் கோர்ட்டுக்குப் போய் அதைப் போட்டுவிட்டு வாருங்கள். அது கைக்கு வர நாள் பிடிக்கும்.